ஓனர் தங்கமான மனுஷன்

"இருக்கிறதை இருக்கிறபடி குடுக்கறேன் தம்பி. நாளைக்கு வந்து அது நொட்டை, இது நொள்ளைன்னு நிக்கக் கூடாது. இப்பவே சொல்ட்டேன்."

எளாவூர் செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, லாரிப் புழுதி படிந்த தகரக் கொட்டகையில் பழைய பைக் வியாபாரம் செய்கிறவர் கலியன். வாங்க வருகிறவர்களின் பெயரைக் கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை. ஆண் என்றால் தம்பி, பெண் என்றால் தங்கச்சி. வியாபாரத்துக்கு அது போதும்.

அன்றைக்கு வந்த தம்பி ஏதோ ஒரு சிப்காட் கம்பெனியின் நீலச் சட்டை போட்டிருந்தான். கூட வந்த அவன் மனைவி ஈஸ்வரியின் கையில் இருந்த பெரிய பையில் இரண்டு ஹெல்மெட்டுகள். வண்டி வாங்கும் முன்பே ஹெல்மெட் வாங்கிவிட்ட ஜோடியைக் கலியன் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறார். ஈஸ்வரியோ தன் செல்போனையும் கலியன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பளபளவென்று எத்தனையோ வண்டிகள் இருக்க, தம்பி நேராகப் போய் நின்றது மூலையில் இருந்த கறுப்பு பைக்கிடம். தினமும் காலையில் கும்மிடிப்பூண்டி பஜாருக்குப் போய் நாஷ்டா வாங்கிவரக் கலியன் எடுக்கிற வண்டி அது.

"முன் பிரேக் புடிக்கலயேண்ணா?"

"பின் பிரேக் கீதுல்ல? நாம இன்னா ரேஸா உடப் போறோம்?"

"இன்சூரன்ஸு?"

"அது எப்பவோ முடிஞ்சு பூட்ச்சு. ஆனா வண்டி குதிரை தம்பி!"

குதிரையைக் கிளப்பக் கலியன் உதைத்தார், உதைத்தார், சட்டை நனையும்வரை உதைத்தார். அது அசையவில்லை. தம்பி அவரை நகரச் சொல்லி, வண்டியை இடது பக்கம் லேசாகச் சாய்த்து நிமிர்த்தி, ஒரே ஒரு உதை விட்டான். கிளம்பிவிட்டது.

"உனக்குக் கால் ராசி தம்பி!" என்று கலியன் வாயெல்லாம் பல்லானார்.

"ஆக்சிடென்ட்டு, போலீஸ் கேஸு எதுனா கீதாண்ணா? இந்த வண்டி யாரையாவது இடிச்சிருக்கா?" கேட்கும்போது தம்பியின் குரல் நடுங்கியது.

"என் புள்ளைங்க மேல சத்தியமா இல்ல!"

கலியன் செய்யும் சத்தியங்களில் அபூர்வமாக அது மட்டும் முழு உண்மை. தம்பி நிம்மதியாகப் பெருமூச்சு விட்டான்.

"ஆர்.சி. யார் பேர்லண்ணா கீது?" என்றாள் ஈஸ்வரி.

கலியனுக்குப் பிடிக்காத கேள்வி.

"தணிகைவேலுன்னு ஒருத்தரு. தங்கமான மனுஷன். ஆனா ஏமாளி. வெத்துப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்து வித்துட்டாரு. நாலு கை மாறினதுல அந்தப் பேப்பரு எங்கியோ காணாமப் பூட்ச்சு."

"ஏமாளியேதான்!" என்று அழுத்திச் சொல்லிப் புருஷனைப் பார்த்தாள் ஈஸ்வரி. அவன் டயரைப் பார்த்தான்.

"அவரை இட்டாந்து கையெழுத்து வாங்கிக் குடுத்துடுங்கண்ணா."

முன்பெல்லாம் ஓனர் துபாய் போய்விட்டதாகத்தான் கலியன் சொல்வார். ஆனால், துபாய்க்காரர் எப்போது ஊருக்கு வருவார் என்று கேட்டுக் கேட்டே ஆட்கள் உயிரை எடுத்தார்கள். அதனால் இப்போது வேறு வழி கண்டுபிடித்திருந்தார்.

"இன்னாம்மா பண்றது? அவரு போய்ச் சேர்ந்துட்டாரே! சாவுக்கு நான்தான் மாலை வாங்கிக்கினு போனேன்."

ஈஸ்வரி சட்டென்று தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். யாரோ முன்பின் தெரியாதவருக்காக இப்படி உருகுகிறாளே, எவ்வளவு இளகின மனசு என்று கலியனுக்கே கொஞ்சம் கஷ்டமாகிவிட்டது.

"அப்போ அவரு சம்சாரம் கையெழுத்து போடணுமே?"

"அந்தம்மாவா? காரியம் முடியறதுக்குள்ள வேற ஒருத்தனைக் கட்டிக்கினு பூட்ச்சு!"

தம்பிக்குப் புரையேறியது. ஈஸ்வரியின் முகம் சிவந்தது. ஹெல்மெட் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பேரு மாத்தாமலே ஓட்டி, எங்கனா யார் மேலயாவது இடிச்சிட்டா?" என்று தம்பி மெதுவாகக் கேட்டான்.

"ஆர்.சி.ல பேரு கீறவனைத்தான் தேடிக்கினு போவாங்க. கோர்ட்டு, கேஸு எல்லாம் அவன் தலையிலதான். செத்தவனைப் புடிச்சு இன்னா பண்ணுவாங்க? உனக்கு ஒரு பேஜாரும் இல்ல தம்பி!"

தம்பியின் முகம் வெளுத்துவிட்டது.

"எடுத்துக்கறேண்ணா. இருக்கிறபடியே, இப்பவே."

பேரம் டீ ஆறுவதற்குள் முடிந்தது. பீடை தொலைந்தது என்று கலியனுக்குச் சந்தோஷம். தம்பிக்கு அதைவிடச் சந்தோஷம். ரொம்ப நாள் கழித்து நன்றாகத் தூங்கி எழுந்தவனைப் போலச் சிரித்தான். இருவரும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டார்கள்.

"மெதுவாவே ஓட்டு மாமா. மொதல்ல மெக்கானிக் கடை, முன் பிரேக்கு. அப்புறம்தான் ஊடு," என்றபடி ஈஸ்வரி பின்னால் ஏறினாள்.

"பேரு மாத்தறது மட்டும் உங்க பாடு! ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கெல்லாம் நான் வர மாட்டேன்," என்றார் கலியன்.

"நீ வரவே வேணாம்ணா. இனிமேலாவது ஹெல்மெட் போட்டு ஓட்டு." ஈஸ்வரி செல்போனை நீட்டினாள். கும்மிடிப்பூண்டி பஜாரில் அதே கறுப்பு பைக்கில், கையில் நாஷ்டா பொட்டலத்தோடு வெறுந்தலையாகக் கலியன் போகும் படம். அதன் கீழே அபராதம்.

கலியன் விழித்தார். "நான் ஓட்டுனதுக்கு உன் போனுக்கு எதுக்கும்மா அபராதம் வருது?"

"செத்துப்போன தணிகைவேலு இவருதாண்ணா," என்றாள் ஈஸ்வரி. "வேற ஒருத்தனைக் கட்டிக்கினு போன பொண்டாட்டி நான்தான்!"