அரசியின் விண்ணப்பம்

கல்லூரியில் விண்ணப்பம் ஏற்கும் நேரம் முடிய இருபது நிமிடம் இருந்தது. பேசாலை ஊர்க் கூத்தில் மீசையை வழித்துவிட்டு அரசியாக ஆடும் சிங்கராசா உள்ளே வந்தார். விரிவுரையாளர் எமிலியானுஸ் எழுந்து கதிரையை இழுத்துப் போட்டார்.

“சேர், இசைநாடக வகுப்பில ஆட்டம் எவ்வளவு, பாட்டு எவ்வளவு?”

“சரிபாதி.”

“அப்ப இதுதான் சரி. மற்றக் கல்லூரியில ஆட்டம் மட்டும்தானாம். பாடாமல் விட்டா குரல் கறள் பிடிச்சிடும்.”

“ஆடி ஆடியே மூச்சு வாங்காமல் பாடுற ஆள் நீங்கள்! உங்களுக்கு நாங்கள் என்னத்தைப் படிப்பிக்கிறது?”

சிங்கராசா சிரித்தபடி படிவத்தை நீட்டினார். அதில் ‘றஞ்சிதம் சிங்கராசா’ என்றிருந்தது.

“எங்கட கூத்தில பெண்கள் மேடை ஏறுறதில்லை, சேர். எனக்கு ஆட்டமும் பாட்டும் பழக்கின என்ர மனுசி வாசலில நிக்கிறா. கூப்பிடட்டோ?”