மூன்றாம் பாகத்தில் ஒரு காட்சி

தலை நிறைய மல்லிப்பூவும் நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டுமாக அந்தப் பெண் இன்றைக்கும் வந்து நின்றதைப் பார்த்ததும் சங்கரநாராயணனுக்குத் தலைவலி வந்துவிட்டது. புருஷனுக்குச் சான்ஸ் கேட்டு அலைகிற மனைவிகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். ஆனால் இந்தச் சிவந்தியைப் போல விடாப்பிடியாக யாரும் வந்ததில்லை.

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டை வாடகைக்குப் பிடித்து, பெட்டிகளுக்கெல்லாம் கறுப்பு பெயின்ட் அடித்து, நீல விளக்கு கட்டியிருந்தார்கள். படத்தில் அதுதான் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற உலகம். சித்திரைப் பிறப்புக்கு வந்த இரண்டாம் பாகம் தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூன்றாம் பாகத்துக்குப் பூசை போட்டாகிவிட்டது. சங்கரநாராயணன் அதில் இணை இயக்குநர்.

கேட்டுக்கு வெளியே கூட்டத்துக்குக் குறைவில்லை. மீன்பிடித் தடைக்காலம் வேறு. காசிமேட்டில் விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்தன. வேலையில்லாமல் இருந்தவர்கள், கும்பலில் ஒரு தலையாகவாவது நிற்கலாமே என்று காலையிலிருந்தே வெயிலில் காத்துக் கிடந்தார்கள்.

பாவம், அவர்களில் ஒருவருக்கும் வேலை கிடைக்கப் போவதில்லை. முதல் பாகத்தின்போதே இதே ஆட்களைக் கூடாரத்துக்குள் நிறுத்தி, சுற்றிலும் கேமரா வைத்து, முகம், முதுகு, நடை, ஓட்டம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாயிற்று. ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலத்தோடு விஷயம் முடிந்தது. இரண்டாம் பாகத்தில் ஓடியதும் விழுந்ததும் அந்த உருவங்கள்தான். மனிதர்களைக் கூப்பிடவே இல்லை. ஒரு காலத்தில் தானும் கும்பலில் நின்றவர் என்பதால், இதை வெளியே போய்ச் சொல்ல சங்கரநாராயணனுக்கு வாய் வரவில்லை.

சிவந்தியின் புருஷன் தேசிங்கும் அப்படிப் பதிவானவன்தான். விசைப்படகில் வேலை என்று சொல்லியிருந்தாள். கூடாரத்தில் கையை விரித்துச் சுற்றச் சொன்னபோது கூச்சத்தில் சிரித்துச் சிரித்தே நேரத்தைக் கடத்தினவன் என்று அவருக்கு ஞாபகம் இருந்தது.

இரண்டாம் பாகத்தில் அவனுக்குத்தான் அதிர்ஷ்டம் அடித்தது. பெட்டி உச்சியிலிருந்து விழுந்து, நீலப் புள்ளிகளாகச் சிதறி, மறுபடி ஒன்றுகூடி எழுந்து நிற்கிற உருவம் அவனுடையது. திரை முழுக்க அவன் முகம் வரும். அந்த இடத்தில் தியேட்டரில் விசில் பறக்கிறது என்று கேள்வி.

"ஒரே ஒரு சீன் குடு சார். மூஞ்சி மட்டும் நல்லாத் தெரியணும்," என்றாள் சிவந்தி.

"எத்தனை தடவைம்மா நீயே வருவ? உன் வீட்டுக்காரரை வரச் சொல்லு."

"கடலுக்குப் போய்க்கீறாரு சார்."

போன வாரமும் இதையேதான் சொன்னாள். பிழைப்பைப் பார்க்கிறவன் சினிமாவுக்காகக் காத்துக் கிடப்பானா என்று அவர் நினைத்துக்கொண்டார். தென்காசிப் பக்கத்து ஆளான அவருக்குக் கடலைப் பற்றித் தெரிந்ததெல்லாம் மெரினாவோடு சரி.

அவள் விடவில்லை. மாமியார் தினமும் மதியக் காட்சிக்குப் போய் மகனைப் பார்த்துவிட்டு வருவதையும், வந்ததும் அவனுக்கும் சேர்த்துச் சோறு வடிப்பதையும், விடிந்ததும் தன் கையாலேயே மருமகளுக்குப் பூ வைத்துவிடுவதையும் சொன்னாள். பிள்ளை சினிமாவில் வந்துவிட்ட பெருமை அந்த அம்மாவைப் பிடித்து ஆட்டுகிறது என்று சங்கரநாராயணனுக்குச் சிரிப்பு வந்தது.

சிரித்திருக்கக் கூடாது. சிவந்தியின் கண் கலங்கியிருந்தது. உண்மையைச் சொல்லி அனுப்பிவிடுவதே மேல் என்று, இனி எந்தப் பாகத்துக்கும் ஆள் எடுக்க மாட்டார்கள், தேசிங்கே வந்து நின்றாலும் வேலை இல்லை என்று மெதுவாக எடுத்துச் சொன்னார்.

"ஆளு வாணாம் சார். உங்காண்ட கீற உருவமே போதும்."

இது புதிதாக இருந்தது. கூலி வேண்டாம், புருஷன் வந்து நடிக்கவும் வேண்டாம். பின்னே எதற்காக இவள் காசிமேட்டிலிருந்து இந்த வெயிலில் நடையாய் நடக்கிறாள்?

"சரி, என்ன சீன்தான் வேணும், சொல்லு."

"அவுரு சாவுற மாதிரி சார். மறுபடி எழுந்துக்கக் கூடாது."

இத்தனை வருஷச் சினிமாவில் இப்படி ஒரு வேண்டுகோளை அவர் கேட்டதில்லை. கிளைமாக்ஸ் வரைக்கும் உயிரோடு விட்டுவைக்கச் சொல்லித்தான் எல்லாரும் காலைப் பிடிப்பார்கள். புருஷன்மேல் இவளுக்கு அப்படி என்ன தீராத கோபமோ தெரியவில்லை.

கோபம் எதுவானாலும் இந்தப் படத்தில் அது நடக்காது. கம்ப்யூட்டருக்குள் போனவர்களுக்குச் சாவே கிடையாது என்பதுதான் மூன்று பாகங்களுக்கும் அஸ்திவாரம். டைரக்டர் அதில் கைவைக்க விடமாட்டார். சங்கரநாராயணன் அதை விளக்கிச் சொல்ல, அவள் முகம் அப்படியே விழுந்துபோனது. அவருக்கே மனசு சங்கடமாகிவிட்டது.

"விட்டுரும்மா. கட்டின புருஷனைப் போய் எதுக்குச் சாகடிக்கச் சொல்லுத?"

சிவந்தி உள்ளே எரிந்துகொண்டிருந்த நீல விளக்குகளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நெசத்துல செத்துட்டாருன்னு சொன்னா, அவுங்கம்மா நம்ப மாட்டேங்குது சார்."