இரண்டு விரல் கட்டு

"இதுல டவர் எங்கயாவது தெரியுதாம்மா?" என்று விசாரணை அதிகாரி டேப்லெட்டை அவள் பக்கம் திருப்பினார்.

தெரியவில்லை. பச்சையாக நிலம், நீலமாக ஓர் ஆறு, விமானம் போகவேண்டிய கோடு. அவ்வளவுதான்.

அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் திரையில் வைத்து அகட்டினார். வரைபடம் பெரிதானது. கோட்டின் மேலேயே சின்னதாக ஒரு டவர் முளைத்தது.

அதில் மோதித்தான் அவள் கணவன் செத்துப்போனான்.

"விமானத்துல அவர் பாத்துக்கிட்டுப் போனதும் இதே மேப்தான். பெருசாக்கிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். ரெண்டு விரல் வேலை."

அறிக்கையின் கடைசி வரியைத் தயாராகவே வைத்திருந்தார்கள். விமானியின் கவனக்குறைவு. பக்கத்து நாற்காலியில் கணவனின் அண்ணன், அந்தக் குட்டி விமானத்தின் முதலாளி, தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பழி தம்பியோடு போகிறதென்றால் ஆட்டாமல் என்ன செய்வார்?

அவள் அந்த வரியை மறுபடி படித்தாள். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருகிற மனுஷன். அவனுக்கா கவனக்குறைவு? நாளைக்கு மகள் கேட்டால் இதையா சொல்வது?

கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள். கேட்காமல் கொள்ளாமல் அதிகாரியின் வலது கையைப் பிடித்து, அந்த இரண்டு விரல்களையும் சேர்த்துச் சுற்றி முடிச்சுப் போட்டாள். நர்ஸ் கை. அவர் மறுக்கத் தோன்றாமல் நீட்டிக்கொண்டிருந்தார்.

"இப்ப பெருசாக்குங்க சார். அன்னைக்கு அவர் வலது கையும் இப்படித்தான் கட்டுப் போட்டு இருந்துச்சு. இடது கை விமானத்தைப் பிடிச்சிருந்துச்சு."

அவர் தேய்த்தார், அழுத்தினார். நடுவிரலால் தொட்டபோது படம் நகர்ந்ததே தவிர பெரிதாகவில்லை.

கட்டுப் போட்ட கையோடே பேனாவை எடுத்துக் கடைசி வரியை அடித்தார். பிறகு அண்ணனைப் பார்த்து, இந்தக் கையோடு எப்படி அனுப்பினீர்கள் என்று கேட்டார்.

ஜெயித்துவிட்டாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒழுங்காக மூச்சு வந்தது.

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொய் சொல்கிற முகமாக இல்லை. அதுதான் கொடுமை.

"கட்டைப் பாத்ததும் நான் போக வேணாம்னுதான் சார் சொன்னேன். அவன் சிரிச்சான். வெறும் பிளேடு கீறல்ண்ணா, பொண்ணு பிறந்தநாளுக்கு நீங்க லீவு குடுப்பீங்கன்னு இவ இவ்ளோ பெருசா சுத்திவிட்டுட்டா, அப்படின்னுட்டு ஏறிட்டான்."

அதிகாரி முடிச்சை அவிழ்ப்பதை நிறுத்தினார். "கீறல்தான்னா, மேல போனதும் பிச்சுப் போட்டிருக்கலாமேம்மா?"

பிய்த்திருக்க மாட்டான். அண்ணன் முன்னால் அவிழ்த்துக் காட்டிவிடுவானோ என்று, சாயங்காலம்வரை அதில் கை வைக்கக் கூடாதென மகள்மேல் சத்தியம் வாங்கியிருந்தாள்.

"காயம் பெருசுதான் சார்" என்றாள்.