முன்வரிசையில் ஒரு அலறல்

லூசியானா சதுப்பின் நடுவே காற்றாடிப் படகை நிறுத்தினான் ஓவீட். இரைச்சல் அடங்கியதும் பயணிகள் ஒன்பது பேரும் காதடைப்பைக் கழற்றினார்கள். பத்தடி தூரத்தில் ஒரு முதலை.

"ஐயோ, படகைத் திருப்புப்பா!" என்று அலறினாள் முன்வரிசையில் இருந்த சிவப்புத் தொப்பிக்காரி.

"இவன் பேரு தெல்மார், மேடம். காலையிலேருந்து பட்டினி" என்ற ஓவீட், ஒரு மார்ஷ்மெல்லோ மிட்டாயை அவள் பக்கமாகத் தண்ணீரில் போட்டான். முதலை படகை உரசிக்கொண்டு வந்து வாயைப் பிளந்தது.

"மாதாவே! ஏம்ப்பா, உனக்கு ஈவு இரக்கமே கிடையாதா?"

ஓவீட் அவளைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு இன்னொன்றையும் போட்டான். அவள் பக்கத்து சீட்காரர் மடியிலேயே ஏறிவிட்டாள். மற்றவர்கள் சிரித்துச் சிரித்துப் படமெடுத்தார்கள்.

கரை சேர்ந்து மற்ற எல்லோரும் இறங்கிய பிறகு, ஓவீட் அவளிடம் குனிந்து கிசுகிசுத்தான்.

"பிச்சு உதறிட்டீங்க! எப்பவும் காசு வாங்கிட்டு அலறுற ஏர்லீன் அக்காவுக்குக் காய்ச்சல். சிவப்புத் தொப்பி போட்ட ஒருத்தங்களை அனுப்புறேன்னு போன்ல சொன்னாங்க. நீங்க அக்காவையே தூக்கிச் சாப்பிட்டுட்டீங்க! ரெண்டு மணி ட்ரிப்புலயும் இதே மாதிரி அலறிடுங்க."

அவள் படகுக் கம்பியைப் பிடித்த கையை இன்னும் எடுக்கவில்லை.

அப்போது டிக்கெட் கவுன்டர் பக்கமிருந்து இன்னொரு சிவப்புத் தொப்பி மூச்சிரைக்க ஓடி வந்தது.

"மன்னிச்சுக்கங்க தம்பி, பஸ்ஸை விட்டுட்டேன். அலற வந்தவ நான்தான்!"