சாம்பிள் டப்பா

“யூரின் போகும்போது எரியுதுன்னு நீங்க வந்தன்னைக்கே நெனச்சேம்மா. எரியும்போதெல்லாம் மெடிக்கல்ல ரெண்டு மாத்திரை வாங்கிப் போட்டிருக்கீங்க. அமந்ததும் நிறுத்தியிருக்கீங்க. சாகாமத் தப்பிச்ச கிருமி, இப்ப அந்த மாத்திரைக்கெல்லாம் அசையல” என்றார் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி டாக்டர் ரிஸ்வானா.

வெள்ளைத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் அவள் புருஷன் பால்சாமிக்கு வேர்த்துக் கொட்டியது.

“நீங்க குடுத்தனுப்புன சாம்பிள்ல இருந்த கிருமி மேல பதினாலு மருந்து வச்சுப் பாத்ததுல பதினொண்ணு கேக்கல. விட்டா கிட்னிக்கு ஏறிரும். அதான் போன்ல துணிமணியோட வரச் சொன்னோம்.”

“எத்தனை ஊசி டாக்டரம்மா?” என்று கேட்டார் பால்சாமி.

“ஒரு நாளைக்கு ரெண்டு. ஏழு நாள்.”

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிறவர் பால்சாமி. பெண்டாட்டி விரலில் முள் குத்தினாலும் தறியை நிறுத்திவிட்டு ஓடி வருவார். அவளிடம் ஏச்சு வாங்க மட்டும் பயம். செக்கில் ஆட்டி வந்த எண்ணெய் வழியில் சிந்தினால், கடையில் வாங்கி நிரப்பி, சத்தமில்லாமல் அடுக்களையில் வைத்துவிடுகிற ஆள்.

நர்ஸ் ஞானபாக்கியம் ஊசியோடு வந்தாள். “கையை நீட்டுங்கம்மா.”

வெள்ளைத்தாய் நீட்டினாள். பால்சாமி எழுந்து நடுவில் நின்றார்.

“அவளுக்குப் போடாதீக. டெஸ்ட் பண்ணுனது அவ மூத்திரமே இல்ல.”

“என்ன சொல்றீங்க?”

“திங்கக்கிழமை டப்பாவை எங்கிட்டதான் குடுத்துவிட்டா. ஸ்ரீவில்லிபுத்தூர்ல பஸ்ஸை விட்டு எறங்கிப் பாத்தா, அம்புட்டும் பையில கொட்டிக் கெடக்கு. வெறும் டப்பாவோட திரும்பிப் போனா ஏசுவாளேன்னு பஸ் ஸ்டாண்டு கக்கூஸ்ல...” அவர் குரல் இறங்கியது. “நானே நெரப்பிக் குடுத்துட்டேன்.”

ஞானபாக்கியம் திரும்பி நின்று சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை.

“அப்போ எரிச்சல் உங்களுக்கா? எத்தனை நாளா?”

“ஆறு மாசமா. ரெண்டு மாத்திரை போட்டா அமந்துரும், பொறவு வரும். இவ பயந்துருவான்னு சொல்லல.”

“நல்ல ஆளுய்யா நீங்க. ஆம்பளைக்கு இப்படித் திரும்பத் திரும்ப வந்தா சும்மா விடக்கூடாது. இன்னொரு சாம்பிள் குடுத்துட்டு நீங்க அட்மிட் ஆகுங்க.”

“நானா? மாத்துத் துணிகூட எடுத்துட்டு வரலையே.”

வெள்ளைத்தாய் மடியிலிருந்த பையைக் கட்டிலில் கவிழ்த்தாள். இரண்டு கைலி, மூன்று பனியன், அவருடைய ரேசர், அவருடைய மூக்குக் கண்ணாடி. சேலை ஒன்றுகூட இல்லை.

பால்சாமி பையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “ஏட்டி, அப்ப ஒனக்கு எரிச்சல்?”

“எனக்கு ஒண்ணுமில்ல. ஒங்க சட்டையைத் தொவைக்கயிலெல்லாம் பையில மாத்திரை அட்டையாக் கெடந்தா எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரின்னு கூப்பிட்டா வரமாட்டீக.” ஏசத்தான் வாயெடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “சிந்துனா நீங்க நெரப்பாம விடமாட்டீகன்னுதான், டப்பா மூடியைச் சரியாத் திருகாமக் குடுத்துவிட்டேன்.”