பின்சீட்டுக்காரர்

"தம்பி, நீங்க கொஞ்சம் பின்சீட்ல ஏறி உட்காருங்களேன்."

பைக் ஷோரூம் விற்பனையாளர் முழித்தார். "சார், ஓட்டிப் பார்க்கப் போறது நீங்கதானே?"

"அது கிடக்கட்டும். காலை ரொம்பத் தூக்காம ஏற முடியுதான்னு பார்த்துச் சொல்லுங்க."

அவர் ஏறினார். இறங்கினார். மறுபடி ஏறச் சொன்னான் வண்டி வாங்க வந்தவன். ஏறினார்.

பக்கத்தில் நின்ற மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து இது மூன்றாவது ஷோரூம்.

முதல் கடையில் அவன் ஆசைப்பட்ட சிவப்பு வண்டி நின்றது. அவன் போனைத் திறந்தாலே அந்த வண்டியின் படம்தான் வரும். இன்ஜின், பிரேக், மைலேஜ் எல்லாம் மனப்பாடம். அதன் டேங்க்கை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, "பின்சீட்டைக் கூரை மேல கொண்டுபோய் வச்சிருக்கான்" என்று வெளியே வந்துவிட்டான்.

இரண்டாவது கடையில் வண்டி நன்றாகத்தான் இருந்தது. பின்னால் உட்காருகிறவர் பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லையாம். அதுவும் வேண்டாம்.

இங்கே நின்றது ஒரு கருப்பு வண்டி. பள்ளிக்கூட பெஞ்சு மாதிரி நீளமான சீட்டு. பார்த்தாலே கொட்டாவி வந்தது அவளுக்கு.

"இந்தக் கட்டை வண்டியவா வாங்கப் போறீங்க?"

"ஏன், நல்லாத்தானே இருக்கு? பள்ளத்துல இறங்கினா தூக்கிப் போடாது. கால் வைக்கிற இடம் தாழ்வா இருக்கு பாரு, முட்டி அவ்வளவா மடங்காது."

"யாரு முட்டி? எனக்குத்தான் ஸ்கூட்டர் இருக்கே. உங்க பின்னாடி நான் உட்கார்ந்து எத்தனை நாளாச்சு? யாருக்கு இந்தச் சிம்மாசனம்?"

அவன் குனிந்து கால் வைக்கிற கம்பியை அமுக்கிப் பார்த்தான். லிஃப்ட் மெக்கானிக். எந்த லிஃப்ட் எந்த மாடியில் சிக்கினாலும் கதவைத் திறந்துவிடுவான். அவன் வாயைத் திறக்க வைப்பதுதான் கஷ்டம்.

அவளுக்கு பஸ் கம்பெனியில் புகார்ப் பிரிவில் வேலை. ஊரார் திட்டுவதையெல்லாம் போனில் கேட்டு, "மன்னிச்சுக்கோங்க" சொல்லியே பொழுது போகும். சேர்த்து வைத்த கோபத்தை வேறு எங்கேதான் கொட்டுவாள்?

"எனக்குத் தெரியும். உங்க மேனேஜருக்குத்தானே? அந்தத் தொப்பையைச் சுமந்துட்டுப் போய் வீட்டு வாசல்ல இறக்கி விடுறதுக்குத்தானே இந்த ஆராய்ச்சியெல்லாம்? உங்களுக்குச் சொரணையே கிடையாதா?"

"ஐயோ, மேனேஜர் கார் வாங்கிட்டாரு."

"அப்ப யாரு?"

"சத்தம் போடாதே, சொல்றேன். ஒரு பெரியவர். ஆஸ்பத்திரி லிஃப்ட்ட சரிபண்ணப் போனப்ப பார்த்தேன். முழங்கால்ல ஆபரேஷன் பண்ணி, தனியா உட்கார்ந்திருந்தாரு. வாராவாரம் காலுக்குப் பயிற்சி குடுக்க அங்கே வரணும். அவர் இருக்கிற சந்துல டாக்ஸி நுழையாது. தெருமுனை வரைக்கும் நடக்க முடியல அவரால."

"அதனால?"

"நான்தான் கூட்டிட்டுப் போய் விடுறேன். நம்ம பழைய வண்டில பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்து வர்றாரு. இன்னிக்கும் காலையில விட்டுட்டுத்தான் வந்தேன். பயிற்சி முடிஞ்சு டாக்ஸி பிடிச்சு இங்கே வரச் சொல்லியிருக்கேன். அவரே உட்கார்ந்து பார்க்கட்டுமேன்னு..."

அவள் ஒரு நிமிஷம் இளகினாள். ஒரு நிமிஷம்தான்.

"அதுக்காக ஆசைப்பட்ட வண்டியை விட்டுடுவீங்களா? ஏன், அவருக்குப் புள்ளைகுட்டி யாரும் இல்லையா?"

"ஒரே பொண்ணு. இதே ஊர்லதான் இருக்கு."

"இதே ஊர்லயா!" ஷோரூமே திரும்பிப் பார்த்தது. விற்பனையாளர் பின்சீட்டிலிருந்து நைசாக இறங்கி நகர்ந்தார். "பெத்த அப்பன் நடக்க முடியாமக் கிடக்கிறாரு, யாரோ ஒருத்தர் வண்டியில தொத்திக்கிட்டுப் போறாரு, அந்த மகாராணிக்கு எட்டிப் பார்க்க நேரமில்லையாமா?"

"அந்தப் பொண்ணுக்கு விஷயமே தெரியாது. சொல்லக் கூடாதுன்னு பெரியவர் எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. ஏதோ மனஸ்தாபம்."

"மனஸ்தாபமாவது, மண்ணாங்கட்டியாவது! சொல்லலைன்னா என்ன? உசிரோட இருக்காரா இல்லையான்னு விசாரிக்கத் தோணாதா ஒருத்திக்கு? வீம்பு. தலைக்கு மேல வீம்பு. சோறுதானே திங்கறா? குடுங்க நம்பரை. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி நான் கேட்கிறேன்."

"நம்பர் இருக்கு," என்றான் தரையைப் பார்த்தபடி. "குடுக்கத்தான் தைரியம் வரல."

"இதுலகூடப் பயம்! வரட்டும், அந்தப் பெரியவர்கிட்டயே வாங்கிக்கிறேன்."

வாசலில் டாக்ஸி வந்து நின்றது. அவன் ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். குனிந்து கை கொடுத்தான்.

"மெல்ல மாமா... அவசரமே இல்ல."

மாமாவா?

கேட்க வைத்திருந்த நாலு கேள்வியோடும் அவள் திரும்பினாள்.

கைத்தடியை ஊன்றி, ஷோரூம் படியில் காலெடுத்து வைக்க முடியாமல் தடுமாறி நின்றவர், இவர்கள் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்து நின்ற அன்று, "லிஃப்ட் ரிப்பேர் பண்றவன் என் வாசப்படியை மிதிக்கக் கூடாது" என்று கதவைச் சாத்திய அவளுடைய அப்பா.