வீட்டுக்காரருக்கு வந்த வலி

"யாருக்கு உடம்பு சரியில்லை?" டாக்டர் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"என் வீட்டுக்காரருக்கு, டாக்டர்."

செல்போன் மேஜைமேல் கவிழ்ந்தது. முகம் நிமிர்ந்தது. பரவாயில்லையே, மனுஷருக்குக் கழுத்து நிமிரும் போலிருக்கிறதே என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவள் துணிக்கடையில் பதினெட்டு வருஷமாக விற்பனை வேலை பார்ப்பவள். வாங்க வந்தவர் யார், சும்மா கலைத்துப் போட வந்தவர் யார் என்று முகத்தைப் பார்த்தே எடைபோடுவாள். மேஜைமேல் மருந்துக் கம்பெனி கொடுத்த பிளாஸ்டிக் இதயம் ஒன்று, காகிதங்கள் பறக்காமல் இருக்கக் காவல் காத்துக்கொண்டிருந்தது. அதற்கு வேறு வேலை கிடைக்கவில்லை போலும்.

"அவருக்கு என்ன பண்ணுது?"

"பன்னெண்டு நாளா மாடி ஏறினா மூச்சு வாங்குது. முதுகு நடுவுல கட்டையை வெச்சு அழுத்துற மாதிரி இருக்கு. தாடை வரைக்கும் வலி. திடீர்னு வேர்த்துக் கொட்டுது, குமட்டுது. கொஞ்சம் உட்கார்ந்தா சரியாயிடுது."

"பன்னெண்டு நாளாவா?" டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "இப்ப வந்து சாவகாசமா சொல்றீங்களே! வயசு என்ன?"

"அம்பத்திரண்டு."

"பிரஷர், சர்க்கரை?"

"பிரஷர் இருக்கு. மாத்திரை ஒரு நாள் போட்டா ரெண்டு நாள் மறந்துடும்."

"குடும்பத்துல யாருக்காவது நெஞ்சுவலி?"

"அம்மா அம்பத்தெட்டு வயசுல போயிட்டாங்க. நின்னுக்கிட்டிருந்தவங்க அப்படியே சாஞ்சுட்டாங்க."

டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "சமையல் நீங்கதானே? உப்பையும் எண்ணெயையும் அள்ளிக் கொட்டியிருப்பீங்க. தினம் அரைமணி நேரம் நடக்கச் சொல்லி விரட்டினீங்களா? வேளாவேளைக்கு மாத்திரையைக் கையில கொடுத்தீங்களா? வீட்டுல ஒரு பொம்பளை இருந்து என்ன பிரயோஜனம்?"

அவள் கைப்பையை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டாள். பேசட்டும், நன்றாகப் பேசட்டும். துணியை விரிக்க விரிக்கத்தானே கிழிசல் தெரியும்.

"ஆம்பளைங்க லேசுல வலின்னு சொல்ல மாட்டாங்கம்மா. சொன்னா அது நிஜம். பொம்பளைங்க மாதிரி தும்மினதுக்கெல்லாம் ஓடி வர மாட்டாங்க. வேற டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டியாச்சு. தொட்டுக்கூடப் பார்க்கலை. வயசாகுது, வீண் கவலை, வாயுத் தொல்லைன்னு மாத்திரை எழுதிக் கொடுத்துட்டார். மனசைப் போட்டு அலட்டிக்காம வேலையைப் பாருங்கன்னு அட்வைஸ் வேற."

"வாயுவா?" மேஜை அதிர்ந்தது. "பிரஷர் இருக்கு, அம்மா நின்ன இடத்துல போயிருக்காங்க, படியேறினா தாடை வரைக்கும் வலிக்குது. இது வாயுவா? ஒரு ஈ.சி.ஜி. கூடவா எடுக்கலை? எந்த மடையன் அவன்? படிச்சுப் பாஸ் பண்ணினானா, பிட் அடிச்சுப் பாஸ் பண்ணினானா?"

"எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கு, டாக்டர்."

டாக்டர் பரபரவென்று கடிதம் எழுதினார். மேலே 'மிக அவசரம்' என்று சிவப்பு மையில் எழுதி அடிக்கோடு போட்டார். கையெழுத்திட்டு முத்திரை குத்தினார். இதய ஆஸ்பத்திரிக்குத் தானே போன் போட்டு, "ஒருத்தரை அனுப்பறேன், காக்க வெச்சுடாதீங்க" என்றார். கையோடு ஆம்புலன்ஸுக்கும் சொன்னார்.

"மனுஷனை ஒரு அடிகூட நடக்க விடக்கூடாது. வண்டி எந்த அட்ரஸுக்கு வரணும்? பேர் சொல்லுங்க."

"வண்டி இங்கேயே வரட்டும்." அவள் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்து, பெயருக்கு விட்டிருந்த இடத்தில் தானே எழுதினாள். அந்த ஒரு பெயரை எழுதி முடிப்பதற்குள் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினாள்.

டாக்டர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, பொம்பளை பேரா இருக்கே?"

"என் பேருதான். எனக்குக் கல்யாணமே ஆகலை, டாக்டர்." கைப்பையிலிருந்து கசங்கிய மருந்துச் சீட்டு ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "போன செவ்வாய்க்கிழமை இதே நாற்காலியில உட்கார்ந்து, எனக்குன்னு சொல்லி இதையேதான் சொன்னேன். வாயுன்னு எழுதின அந்த மடையனோட கையெழுத்து கீழே இருக்கு, வண்டி வர்ற வரைக்கும் படிச்சுப் பாருங்க."